'காந்தம் இரும்பை ஈர்க்கும்' என்றொரு பலகை

தூளில் ஆணி வந்துவிட்டது. தேயிலைத் தொழிலில் இதற்கு மேல் கெட்ட செய்தி கிடையாது. கொழுந்து கருகலாம், தூள் புளிக்கலாம், பெட்டி நனையலாம். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சமாதானம் சொல்லித் தப்பலாம். குடிக்கிறவன் கோப்பையில் ஆணி கிடந்தால் என்ன சொல்லித் தப்புவது?

நான் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் கங்காணியாக இருந்தவன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. கொழுந்து அரைத்துத் தூளாக்குகிற தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதில் தூள் சலிக்கிற அறை என் பொறுப்பு. சுதந்திரம் கிடைத்த சில வருஷத்தில் உள்ளே போனேன். வெளியே வரும்போது பாதி நெஞ்சைத் தூசிக்குக் கொடுத்திருந்தேன். அந்த மாதிரி அறையில் மூக்கில் துணி கட்டி நின்றவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். தும்மினால் என்ன நிறத்தில் வரும் என்று அவர்களுக்கே தெரியும். மற்றவர்கள் சும்மா நம்பிக்கொள்ளுங்கள்.

பெட்டி திரும்பிய கதை

கொழும்பில் பெட்டியைத் திறந்து தூளைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். சின்னச் சின்ன ஆணி. பெட்டிகள் ரயிலில் ஹட்டனுக்குத் திரும்பி வந்தன. தோட்டத்து லொறி அவற்றைக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் இறக்கியது.

கடைசிச் சல்லடையின் வாயில் நிற்கிறவள் முத்தாயி. தூள் பெட்டிக்குப் போகிற வழியில் ஒரு காந்தம் தொங்கும். ஆணி, கம்பித் துண்டு எது வந்தாலும் அதைப் பிடிக்கத்தான் அந்தக் காந்தம். அதைத் துடைப்பதும் பார்ப்பதும் முத்தாயி வேலை. ஆகவே குற்றம் அவளுடையது என்று காலைப் பெரட்டிலேயே, ஆள் கணக்கெடுக்கக் கூடின இடத்திலேயே, முடிவு கட்டிவிட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை விசாரிப்பதற்கு முன்பே. பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் லயத்தில், அந்த வரிசை வீட்டில், இருக்கிற காம்பராவும் போகும். அவள் புருஷன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் சறுக்கி விழுந்து கால் உடைந்து படுத்திருந்தான். அந்த ஒற்றை அறை நின்றது அவள் பேரில் மட்டும்.

லொறிக்காரன் கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கங்காணியாரே, கொண்டு போறப்ப தேயிலைன்னு சொல்லி ஏத்துனீங்க. திரும்பி வர்றப்ப இரும்புக்கடையால்ல இருக்கு!"

அது வந்த நாள்

காந்தம் வந்தது சில வருஷத்துக்கு முன்னால். அதுவரை ஆணியைக் கண்ணால்தான் பொறுக்கினோம். சல்லடை நாள் பூராவும் ஆடும். ஆடுகிற சட்டத்தில் அடித்த ஆணி கழன்று கழன்று விழும். தூளும் கறுப்பு, ஆணியும் கறுப்பு. எந்தக் கண் பொறுக்கும்?

எங்கள் டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலை ஆக்கும் வேலைக்கு ஸ்டோரில் அவர்தான் தலைவர். நெற்றியில் விபூதி இல்லாமல் ஸ்டோர் வாசலை மிதிக்க மாட்டார். குதிரை லாடம் மாதிரி வளைந்த அந்தச் சாமானைத் துணியிலிருந்து பிரித்து மேசையில் வைத்தார். கொஞ்சம் தள்ளி ஓர் ஆணியை வைத்தார். ஆணி துள்ளிப்போய் ஒட்டியது. சல்லடைப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுச் சுற்றி நின்றார்கள்.

"கவ்வுது பாரு!" என்றாள் முத்தாயி.

"கவ்வலடி, இழுக்குது" என்றாள் பக்கத்துச் சல்லடை ராக்கம்மா.

இந்த இருவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். லயத்தில் அடுத்தடுத்த காம்பரா. ராக்கம்மாவின் கோழி முத்தாயியின் கீரைப் பாத்தியைக் கிளறும். அதில் ஆரம்பித்த சண்டை. இவள் மழை என்றால் அவள் வெயில் என்பாள். நேராகப் பேசிக்கொள்வது கிடையாது. திட்டுவதற்கு மட்டும் நேராகப் பேசுவார்கள்.

அன்றைக்குக் கவ்வுதா இழுக்குதா என்று அரை நாள் ஓடியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆணியை எடுத்துத் தள்ளி வைத்துக் காட்டினேன். தூரத்திலிருந்து வருகிறதே, அது இழுப்பு. வந்தபிறகு விடமாட்டேன் என்கிறதே, அது கவ்வல். இரண்டும் உண்டு, போய் வேலையைப் பாருங்கள் என்றேன். கேட்டால்தானே. டீமேக்கர் அறை வாசலில் வந்து நின்றார்.

"இழுக்கட்டும், கவ்வட்டும், எனக்கென்ன. தூளுக்குள்ள ஆணி போகாட்டில் சரி. நீங்கள் சல்லடையை ஆட்டுங்கோ!"

மாஸ்டரின் சொல்

ஆனால் டீமேக்கருக்கும் அது மனதில் கிடந்திருக்கிறது. காந்தத்துக்கு மேலே நல்ல தமிழில் ஒரு பலகை மாட்ட வேண்டும், பெரிய ஆட்கள் வந்து பார்த்தால் மரியாதையாக இருக்க வேண்டும் என்றார். தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டரைக் கூப்பிட்டோம். அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். மூன்று சொல் எழுத மனுஷனுக்கு அவ்வளவு யோசனை. கடைசியில் எழுதினார்: காந்தம் இரும்பை ஈர்க்கும்.

"அதென்னங்க ஈர்க்கும்? நம்ம பக்கத்துல யாரும் அப்படிச் சொல்றதில்லையே" என்றாள் ராக்கம்மா.

மாஸ்டருக்கு இது போதும். சொன்னார். ஈர்ப்பது என்றால் இழுப்பதுதான். காந்தத்துக்காகப் பிறந்த சொல் இல்லை அது. பழைய தமிழில் மாடு வண்டியை ஈர்க்கும், வெள்ளம் மரத்தை ஈர்த்துக்கொண்டு போகும். பலம் போட்டு இழுத்துப் போகிற எல்லாவற்றுக்கும் அந்தச் சொல். அதே உருவத்தில் இன்னொரு சொல்லும் உண்டு, அது அறுப்பதற்கு. மரம் அறுக்கிற வாளை ஈர்வாள் என்பது அதனால். காலம் போகப் போக, கயிற்றைப் பிடித்து இழுப்பதற்கு 'இழு' என்பதே நின்றுவிட்டது. கை படாமல் இழுப்பதற்கு 'ஈர்' என்பதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். காந்தம் கயிறு கட்டியா இழுக்கிறது? ஆகவே அதுதான் பொருத்தம் என்றார்.

சரி, விளங்கியது என்றேன். மனுஷர் நிறுத்தவில்லை. காந்தம் என்பது வடமொழிச் சொல்லாம். பிரியமானது என்று அர்த்தமாம். இரும்புக்குப் பிரியமான கல் என்று யாரோ பேர் வைத்திருக்கிறார்கள். ராக்கம்மா வாயில் கட்டியிருந்த துணியை இறக்கினாள். அவள் துணியை இறக்கினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"அப்ப டீமேக்கர் ஐயா சம்சாரத்துக்கும் காந்தம்னே பேர் வைக்கலாமுங்க மாஸ்டர். யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு கடுதாசி வந்தா போதும், ஐயா ஹட்டன்ல ரயிலேறிடுறாரு!"

லொறிக்காரன் பிடித்துக்கொண்டான்

சொல் ஸ்டோருக்குள் நிற்கவில்லை. லயத்துக்குப் போய்விட்டது. மாட்டுக்காரன் மாட்டை ஈர்க்கிறேன் என்றான். இருமலில் மூச்சு இழுக்கிறவன் மூச்சு ஈர்க்கிறது என்றான். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். மூச்சு இழுக்கத்தான் செய்யும், ஈர்க்காது என்று திருத்திக்கொண்டு லயம் லயமாகப் போனார். போகட்டும், அவருக்கு வேறு வேலை இல்லை.

ஹட்டனில் படம் மாற்றினால் நோட்டீஸ் வரும். மனதைக் கவரும் காட்சிகள் என்று அதில் போட்டிருப்பான். அதையும் மாஸ்டரிடம் கேட்டேன். கவர்வது என்றால் பறித்துக்கொண்டு போவது, ஒரு காலத்தில் அடுத்தவன் மாட்டைக் கவர்ந்து போவார்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் இரண்டிலும் அடாவடி இருக்கிறது. ஒன்று இழுத்துக்கொண்டு போவது, மற்றது பிடுங்கிக்கொண்டு போவது. இன்றைக்கு இரண்டையும் புடவைக் கடைக்காரன் சர்க்கரை போட்டுச் சொல்கிறான்.

ஒரு சம்பளத்துக்கு மறுநாள் லொறிக்காரன் வரவில்லை. பெட்டிகள் வாசலில் கிடந்தன. அடுத்த நாள் கண் சிவந்து வந்தான். எங்கேயடா போனாய் என்றேன். தவறணைக்குப் போனேன் என்று நேராகச் சொன்னால் என்ன? சாராயம் குடிப்பவனுக்கும் இலக்கியம் வந்துவிட்டது.

"நான் எங்கங்க போனேன்? சும்மா ரோட்டுல போய்க்கிட்டு இருந்தேன், தவறணை ஈர்த்துப்புடுச்சு!"

சிவப்பு

ஆயுத பூசைக்கு ஸ்டோரில் ஓர் இயந்திரமும் ஓடாது. எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். சல்லடைக்கு மாலை. கவ்வாத்துக் கத்திகள் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக இருக்கும். மலைநாட்டில் ஸ்டோர் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாள் தெரியும். அவலும் கடலையும் கிடைக்கும், காதுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்.

காந்தத்துக்கு மட்டும் டீமேக்கர் தனி மரியாதை வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத சக்தி அதில் இருக்கிறது, அது அம்மன் மாதிரி என்பார். துருப்பிடித்த முகத்தோடு அதைப் பூசையில் வைக்கக் கூடாது. வருஷா வருஷம் பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகச் சிவப்பு அடிக்க வேண்டும். அடித்தோம். ஆனால் அந்த மாதத்து மழையில் எங்கள் மலையில் என்ன காயும்? கட்டின சேலை காயாது, பெயின்ட் காயுமா?

அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். தூள் காயவைக்கிற அடுப்பு ஒன்று உண்டு, ஆள் உயரத்துக்கு மேல். விறகுத் தீ. அதன் இரும்பு மண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துள்ளி ஓடி மறையும். பூசைக்கு முந்தின நாள் கடைசித் தூள் இறங்கியதும் காந்தத்தை அந்த மண்டைமேல் வைத்துவிடுவார். பெயின்ட் மணம் போகிறவரை அது அங்கேயே கிடக்கும். மறுநாள் பார்த்தால் குங்குமம் மாதிரி பளபளக்கும். பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

ஒரு தடவை முத்தாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள், காய்ந்திருக்குமே, எடுத்துத் துடைத்து வைக்கவா என்று. டீமேக்கர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"காயாத சாமானைச் சரஸ்வதிக்கு முன்னால வைக்கிறதோ? இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் கங்காணி, நல்லாச் சுடட்டும்!"

சாகாத சாமான்

ஆணி வந்த விஷயத்துக்குத் திரும்புகிறேன். பெட்டிகள் இறங்கிய அன்றே டீமேக்கர் எல்லார் முன்னாலும் காந்தத்தைக் கையில் எடுத்தார். ஓர் ஆணியை அதன் முகத்தில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. கையை விட்டார். விழவில்லை.

"பாருங்கோ, பிடிக்குதுதானே" என்றார்.

எல்லாரும் பார்த்தோம். பிடித்தது. அப்படியானால் காந்தம் நல்லது, முத்தாயி கெட்டவள். கணக்குச் சரி.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அது என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பஜாருக்குப் போய், இரும்புச் சாமான் விற்கிற முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம் வேறு காந்தம் இருக்கிறதா என்று கேட்டேன். பழசு எங்கே, உடைந்ததா, தொலைந்ததா என்றார். உடையவில்லை, பலம் குறைந்திருக்குமோ என்று பார்க்கிறேன் என்றேன். நானா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். கத்தி மழுங்கும், கயிறு இற்றுப் போகும், காந்தத்துக்கு என்ன வரும்? அது கல்லோடு பிறந்த குணம், சாகாது என்றார். தோட்டத்திலும் எல்லாருக்கும் அதே நினைப்புத்தான். டீமேக்கருக்கும் அதே. எனக்கும் அதே. நானும் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் விசாரணை என்று சொல்ல லயத்துக்குப் போனேன். முத்தாயியின் புருஷன் கட்டுப்போட்ட காலைக் கூரைப்பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். முத்தாயி வாசலில் இருந்தாள். கீரைப் பாத்தியில் ஒரு இலை மிச்சமில்லை. முளைத்து இரண்டு விரல் உயரம் வந்ததைக்கூடப் பிடுங்கியிருந்தாள். பாத்தியைச் சுற்றி நட்டிருந்த வேலிக் குச்சிகள் அடுப்புக்குப் பக்கத்தில் கட்டாகக் கிடந்தன. நாளைக்குத்தானே விசாரணை, அதற்குள் இது எதற்கு என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேற எதுக்குங்க? விட்டுட்டுப் போனா அவ கோழிதான் திங்கும்!"

விசாரணை

துரை வெள்ளைக்காரர். தோட்டத் தமிழ் பேசுவார். சின்னவர் பெரியவர் எல்லாரும் அவருக்கு 'நீ'தான். ஆபீசுக்குக் கூப்பிடாமல் சலிப்பறைக்கே வந்தார். சல்லடையை நிறுத்தினோம். திடீரென்று அமைதி வந்ததும் பேசுவதற்கே ஒரு மாதிரி இருந்தது.

டீமேக்கர் சொன்னார். காந்தம் இருக்கிறது, பலகை இருக்கிறது, ஆள் இருக்கிறாள். ஆள் பார்க்கவில்லை. ஆணி போய்விட்டது.

"நீ பேசு" என்றார் துரை.

"நான் நின்ன இடத்தை விட்டு அசையலைங்க தொரை" என்றாள் முத்தாயி. "ஆணி வந்திருந்தா அதுல ஒட்டியிருக்கணும். ஒட்டல. நான் என்னாங்க செய்ய?"

"ஆணி வந்துச்சு. பெட்டியில இருந்துச்சு. நீ பொய் சொல்றே."

துரை என் பக்கம் திரும்பினார். பேரை வெட்டச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அப்போது பக்கத்துச் சல்லடையிலிருந்து ராக்கம்மா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. முகத்துத் துணியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தாள்.

"பொய் இல்லீங்க தொரை. அந்தக் காந்தம் செத்துப்போச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டீமேக்கர்.

அவள் ரவிக்கையில் குத்தியிருந்த தையல் ஊசியை உருவி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். சலிப்பறைக்குள் ஊசி கொண்டுவரவே கூடாது. தூளில் இரும்பு வந்தது என்று விசாரணை நடக்கிறபோது, நான் இரும்பு வைத்திருக்கிறேன் என்று கையை நீட்டுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆணிப் பழி முழுவதும் அவள் தலைக்கே திரும்பலாம். அது அவளுக்கும் தெரியும்.

"சாப்பாட்டு நேரத்துல கிழிஞ்சத தைப்பேங்க. ஊசி கை தவறி தூசிக்குள்ள விழுந்துடும். ஐயா இல்லாத நேரமாப் பாத்து அந்தக் காந்தத்தக் கழட்டித் தரையில காட்டுவேன். முன்னாலெல்லாம் ஊசி தானா துள்ளி வந்துடும். இப்ப கொஞ்ச காலமா வர்றதில்ல. நாமதான் ஊசியைக் கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டுப் போய் அதுகிட்ட குடுக்கணும். குடுத்தா புடிச்சுக்கும்."

டீமேக்கர் வாயைத் திறந்தார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு பிடித் தூளை எடுத்துக் காகிதத்தில் கொட்டச் சொன்னார். அதற்குள் இரண்டு ஆணியைத் தானே போட்டார். காந்தத்தைக் கொக்கியிலிருந்து கழட்டித் தூளுக்கு மேலே கொண்டு போனார். மெதுவாக, கிட்டத்தில். இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது. ஆணி தூங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற தூளில் வருகிற ஆணியைக் கேட்கவே வேண்டாம்.

துரை அந்தச் சிவப்புச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீமேக்கர், இது காந்தமா, கதவுப் பிடியா?"

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. துரை ராக்கம்மாவைப் பார்த்து, முத்தாயி உனக்குச் சொந்தமா என்று கேட்டார். அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"சொந்தமா! இவளோட எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாதுங்க. இவ போனா அந்தக் காம்பராவுக்கு எவ வந்து சேருவாளோ, யாரு கண்டா? இவளாச்சும் எனக்குப் பழகிப்போனவ!"

பியதாச

ஸ்டோருக்குக் கீழே ஓடையில் டைனமோ ஓடும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பியதாச. சிங்களவர், தமிழ் நன்றாக விளங்கும், பேசும்போது இரண்டும் கலந்து வரும். துரை காந்தத்தை அவரிடம் அனுப்பினார், நான்தான் கொண்டுபோனேன். டீமேக்கரும் கூடவே வந்தார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

பியதாச ஓர் ஆணியைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"காந்தம அதின்னே நே" என்றார். இழுக்கவில்லை என்று அர்த்தம். சிங்களத்திலும் அதற்குக் காந்தம்தான் பேர், அவர்களும் இழுக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். மாஸ்டர் கூட இருந்திருந்தால் இன்னும் அரை மணி நேரம் போயிருக்கும்.

எங்கே வைத்திருந்தீர்கள், கீழே போட்டீர்களா, நெருப்பில் கிடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நெருப்பில் ஏன் போடுகிறோம் என்றார் டீமேக்கர். கொஞ்சம் பொறுத்து, அடுப்பு மண்டையில் பெயின்ட் காய வைத்ததைச் சொன்னார். வருஷா வருஷம் என்றும் சொன்னார். பியதாச முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுட்டால் காந்தத்தின் பலம் போகும், ஒரேயடியாகச் செத்தால் தெரிந்திருக்கும், இது வருஷத்துக்குக் கொஞ்சமாகச் செத்திருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

அப்புறம் காந்தத்தில் கம்பியைச் சுற்றினார். டைனமோவிலிருந்து மின்சாரத்தை விட்டார். கழட்டிக் கொடுத்தபோது ஆணி பழையபடி துள்ளியது. புதுக் காந்தம் கொழும்பிலிருந்து வரும்வரை அதை வைத்து ஓட்டினோம்.

அடுத்த ஆயுத பூசைக்கும் டீமேக்கர் சிவப்பு அடித்தார். அதை விடமாட்டார். ஆனால் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்து, காந்தத்தை மடியில் வைத்து, பழைய பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு விசிறுகிற மாதிரி. பியதாச பூசை அவல் வாங்க வந்தவர், நின்று பார்த்தார். சரி என்பதற்கு அவர் ஹரி என்பார்.

"ஹரி ஐயா, ஹரி. சாமிக்கு பக்தி போதும், சூடு வேணாம்!"

வேலி

முத்தாயி பேர் வெட்டப்படவில்லை. காம்பரா நின்றது. புருஷனும் எழுந்து நொண்டி நொண்டி வேலைக்கு வந்தான். ராக்கம்மாவை மட்டும் துரை சும்மா விடவில்லை. ஊசி ஊசிதான் என்றார். சலிப்பறையிலிருந்து எடுத்துக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிட்டார். மழையிலும் அட்டைக்கடியிலும் நாளெல்லாம் நிற்கிற வேலை. நான் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. அவள் அதைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதாகத் தெரியாது. மூக்கில் தூசி ஏறாமல் நிம்மதியாக இருக்கிறது என்றாளாம்.

பலகையில் மாஸ்டர் இன்னொரு வரி சேர்த்தார்: சூடு பட்டால் ஈர்க்காது. அதற்கும் வெகுநேரம் யோசித்தார்.

முத்தாயி நன்றி கின்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரமே தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேருக்கும் சண்டை. குரல் ஸ்டோர்வரை கேட்டது. எனக்கும் நிம்மதி. அப்புறம் ஒரு நாள் லயத்துப் பக்கம் போனேன். முத்தாயி பாத்தி கட்டி மறுபடியும் கீரை போட்டிருந்தாள். மூன்று பக்கம் குச்சி நட்டு வேலி கட்டியிருந்தது. ராக்கம்மா காம்பராவைப் பார்த்த பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. கோழி உள்ளே நின்று சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தது. முத்தாயி வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஏன் வேலி போடவில்லை என்று கேட்டேன்.

"போட்டா மட்டும் அவ கோழி நிக்கவா போகுது? போங்க கங்காணியாரே, உங்க வேலையைப் பாருங்க!"

இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் கேட்டால் காந்தத்தைச் சரிப்படுத்தியது பியதாச என்பார்கள், விசாரணையைச் சரிப்படுத்தியது துரை என்பார்கள், மாஸ்டரைக் கேட்டால் பலகை என்பார். எல்லாம் தப்பு. சரிப்படுத்தியது ராக்கம்மா.